அந்திக் கேள்விகள்: அது மோட்டார் இல்லை, பக்கி

போன இதழில் இங்கிலாந்தின் ஹீத் வெளிகளில், அதாவது குட்டைப் புதர் மண்டிய திறந்த நிலங்களில், ராத்திரி பாடும் பக்கி என்ற பறவையைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. தோட்டத்து நத்தை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் 31 வருடம் நர்ஸ், அதில் முக்கால்வாசி நைட் டியூட்டி. ஓய்வு பெற்ற பிறகும் ராத்திரி பதினோரு மணிக்கு முன் தூக்கம் வரவில்லை. சர்ரேயில் வீட்டுக்குப் பக்கத்து ஹீத் வெளியில் பறவை எண்ணும் தன்னார்வலர்களோடு சேர்ந்துகொண்டேன். விஞ்ஞானி இல்லை. பல கோடைகள் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தவள், அவ்வளவுதான்.

கேள்வி: வோக்கிங் பக்கத்தில் ஒரு ஹீத் வெளியை ஒட்டிக் குடியிருக்கிறோம். ஜூன் மாதம் ராத்திரி பத்து மணி வாக்கில் ஜன்னலைத் திறந்தால், தூரத்தில் யாரோ தையல் மெஷின் ஓட்டுவதுபோல விடாமல் ஒரு சத்தம். கணவர் மின்கம்பி என்கிறார். மகன் வெட்டுக்கிளி என்கிறான். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் தோற்றார்கள். அது பறவை. இங்கே நைட்ஜார் என்பார்கள், நம் ஊரில் பக்கி, பக்கிக் குருவி என்பது இந்தக் குடும்பத்தைத்தான். நான் முதன்முதலில் கேட்டபோது வெளிக்கு அந்தப் பக்கம் யாரோ ஜெனரேட்டர் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து மனதுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன். ஆகவே உங்கள் வீட்டுக்காரரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். இரண்டு நிமிடம் அசையாமல் நின்று, சத்தத்தின் சுருதியை மட்டும் கவனியுங்கள். மின்கம்பி ஒரே சுருதியில் ரீங்காரம் போடும். பக்கிக்கு இரண்டு கியர் உண்டு. ஒரு சுருதியில் நீளமாக ஓடும், திடீரென்று இன்னொன்றுக்கு மாறும், கொஞ்ச நேரத்தில் பழையபடி திரும்பும். மலைப்பாதையில் பைக் ஓட்டுகிறவர் கியர் மாற்றுவதுபோல. நடுவில் மூச்சு வாங்க நிறுத்தியதாகவே தெரியாது. சில நேரம் பத்து நிமிடம் வரைகூட ஒரே ஓட்டமாகப் போகும். நிமிடத்துக்கு 1,900 தட்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால்தான் தனித்தனித் தட்டாகக் காதில் விழாமல் ஒரே இழையாகக் கேட்கிறது.

இன்னொரு விசேஷம். சத்தம் பெருகும், அடங்கும், மறுபடி பெருகும். பறவை இடம் மாறிவிட்டது, அல்லது இரண்டு பறவை இருக்கிறது என்று தோன்றும். பெரும்பாலும் இரண்டும் இல்லை. அதே கிளையில் உட்கார்ந்தபடி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புகிறது. கணக்கெடுப்பில் புதியவர்கள் எல்லோரும் இங்கேதான் தப்புச் செய்வார்கள். என் முதல் வருட வரைபடத்தில் நான் குறித்த ஐந்து ஆண் பறவைகளை அனுபவசாலி ஒருவர் மூன்றாக்கினார். இரண்டு குரலும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தால்தான் இரண்டு பறவை. இதுதான் விதி.

பாட்டு முடிகிற இடத்தையும் கவனியுங்கள். சில சமயம் சாவி தீர்ந்த பொம்மை மாதிரி வேகம் குறைந்து இறங்கும். அடுத்த நொடி 'குவிக்... குவிக்' என்று தவளை போல ஒரு சின்னக் குரல், கூடவே 'பட்' என்று கை தட்டும் சத்தம். ஆண் பறவை கிளையை விட்டுக் கிளம்பி, சிறகை ஓங்கி அடித்துக்கொண்டு பறக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் வானத்தைப் பாருங்கள், பறவை அங்கே இருக்கும்.

உங்கள் மகன் சொன்னதையும் ஒரேயடியாகத் தள்ள மனம் வரவில்லை. கிராஸ்ஹாப்பர் வார்ப்ளர் என்று ஒரு சின்னப் பறவை இருக்கிறது. அதுவும் அந்தியில், ராத்திரியில் விடாமல் பாடும், கேட்டால் பூச்சி என்றுதான் நினைப்போம். ஆனால் அந்தக் குரல் மெல்லியது, மிக உயர்ந்த சுருதி, பெடலை மிதிக்காமல் உருட்டும் சைக்கிளின் சக்கரம் மாதிரி. பக்கியின் குரல் கீழ்ச்சுருதி, மரக்கட்டை அதிர்வது மாதிரி. எனக்கு இப்போது 66 வயது. பக்கியைக் கால் மைலிலிருந்து கேட்பேன், அந்தச் சின்னப் பறவை பக்கத்திலேயே பாடினாலும் என் காதுக்கு எட்டுவதில்லை. போன வருடம் கூட வந்த பெண் "அதோ, அதோ" என்று புதரைக் காட்டிக்கொண்டே இருந்தாள், நான் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் மகனுக்கு மட்டும் கேட்டு, உங்கள் இருவருக்கும் கேட்கவில்லை என்றால் அது இதுவாக இருக்கலாம்.

கேள்வி: ஹாரோவில் இருக்கிறோம். ஜூலை இரண்டாவது வாரம் 8 வயதும் 11 வயதும் ஆன பிள்ளைகளோடு இந்தப் பறவையைப் பார்க்கக் கிளம்பலாம் என்று எண்ணம். எங்கே, எத்தனை மணிக்குப் போக வேண்டும்? என்னென்ன வாங்க வேண்டும்?

வாங்குவதற்கு எதுவும் இல்லை. பொறுமை கைவசம் இருந்தால் போதும். பிள்ளைகளிடம் அது இல்லாவிட்டால் பிஸ்கட்.

லண்டனிலிருந்து போகிறவர்களுக்கு சர்ரேயில் தர்ஸ்லி காமன் தோதான இடம். இன்னும் தூரம் போகத் தயார் என்றால் ஹாம்ப்ஷைரில் நியூ ஃபாரஸ்ட், டார்செட்டில் ஆர்ன், கிழக்கே சஃபோக்கில் டன்விச் ஹீத். தர்ஸ்லியில் 2020 மே கடைசியில் பெரிய தீ பிடித்தது, அதுவும் பறவைகள் தரையில் முட்டை வைத்திருக்கும் நேரத்தில். தீக்குப் பிறகு முதன்முறை போனபோது காலணி அடி கறுத்து வீடு வந்தேன். இப்போது அங்கே மறுபடியும் ஹெதர் என்ற குட்டைப் புதர்ச்செடி வளர்கிறது.

ஜூலை இரண்டாம் வாரத்தில் தென் இங்கிலாந்தில் சூரியன் மறைவது ஏறத்தாழ 9:15. பக்கி பாட ஆரம்பிப்பது அதற்குப் பிறகு இருபது முப்பது நிமிடத்தில். நீங்கள் 8:45-க்கே போய் இடம் பிடித்துவிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போது பாதையைப் பார்த்து வைத்துக்கொண்டால் திரும்பும்போது தடுமாற மாட்டீர்கள். காற்று இல்லாத, மழை இல்லாத, கொஞ்சம் புழுக்கமான ராத்திரியாகத் தேர்ந்தெடுங்கள். அந்துப்பூச்சி பறந்தால்தான் பக்கி பறக்கும். குளிர்காற்று அடிக்கிற நாளில் போய் ஏமாந்து திரும்பியவர்கள் என்னிடம் வந்து கோபப்படுகிறார்கள், நான் என்ன செய்ய?

எங்கே உட்காருவது என்பதுதான் முக்கியம். திறந்த ஹெதர் வெளியும் பைன், பிர்ச் மரங்களும் சந்திக்கும் ஓரத்தைப் பாருங்கள். அதில் தனியாக நிற்கிற மரமோ, இலையில்லாத பட்ட மரமோ கண்ணில் பட்டால் அதுதான் பாடகரின் மேடை. பாதை ஓரமாகவே பாயைப் போட்டு, வடமேற்கைப் பார்த்து உட்காருங்கள். நின்றால் பின்னால் இருக்கும் மர இருட்டில் பறவை கரைந்துவிடும், உட்கார்ந்தால் வானத்துக்கு எதிராகத் தெரியும். கோடையில் வடமேற்கு வானத்தில் பத்தரை மணி வரை ஒரு வெளுப்பு மிச்சம் இருக்கும். நான் மூன்று வருடம் தெற்கைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு "எனக்கு மட்டும் தெரியவே இல்லையே" என்று அலுத்துக்கொண்டவள்.

பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், ஆனால் 8x42 மாதிரி முன் கண்ணாடி பெரிதாக இருக்க வேண்டும். கைப்பையில் அடங்கும் குட்டி 8x25 பகலில் சரி, அந்தியில் உங்கள் வெறுங்கண்ணே அதைவிட மேல். நைலான் ஜாக்கெட் வேண்டாம், கையை அசைத்தாலே சரசரக்கும். முழுக்கால் சட்டை போட்டு அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் புல்லில் உண்ணி இருக்கும். நர்ஸ் புத்தி போகவில்லை, அதனால் சொல்கிறேன்: வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் பாருங்கள். பின்னாளில் வட்டமாகச் சிவந்து பரவினால் டாக்டரிடம் காட்டுங்கள், லைம் நோயாக இருக்கலாம்.

காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். மர உச்சிக்கு மேலே நீள அலகைக் கீழே தொங்கவிட்டபடி, இரண்டு மூன்று முறை தொண்டை கமறி, பிறகு 'ட்ஸிக்' என்று தும்மிக்கொண்டே ஒரு தடித்த பறவை நேர்க்கோட்டில் போகும். அது வுட்காக். பக்கிக்கு முன்னால் வந்து போகும் கட்டியக்காரன். அதை முதலில் பார்ப்பவருக்குக் கடைசி பிஸ்கட் என்று சொல்லிவிட்டால் அரைமணி நேரம் சத்தம் இருக்காது.

கேள்வி: கேனக் சேஸ் காட்டில் அந்தி நேரத்தில் தலைக்கு மேலே பருந்து போல ஒன்று சத்தமே இல்லாமல் போனது. சிறகு நுனியில் வெள்ளைப் பொட்டு. பருந்தா, குயிலா, இதுவா?

இதுவேதான், அதுவும் ஆண். சிறகு நுனிப் பக்கம் வெள்ளைப் பொட்டும், வால் ஓரத்தில் வெள்ளையும் ஆணுக்கு மட்டும். பெண்ணுக்கு இரண்டும் கிடையாது. நீண்ட சிறகு, நீண்ட வால் என்பதால் இங்கே உள்ள கெஸ்ட்ரல் வல்லூறு, குக்கூ குயில் இரண்டோடும் குழப்பிக்கொள்வது சகஜம். ஆனால் பறக்கும் விதத்தில் காட்டிக்கொடுத்துவிடும்: நாலு அடி அடித்து, சிறகை மேலே தூக்கி வைத்தபடி மிதந்து, சட்டென்று பக்கவாட்டில் திரும்பும். காகிதப் பட்டம் அறுந்து வருவதுபோல ஒரு எடையின்மை. உண்மையிலேயே எடை இல்லைதான். 26, 27 செ.மீ. நீளம் இருந்தாலும் 100 கிராமைத் தொடுவது அபூர்வம். ஒன்றரைக் கோழிமுட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைபேசியில் அதன் பாட்டைப் போட்டால் கிட்டே வருமாமே? வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டினாலும் வரும் என்று நண்பர் சொல்கிறார். முயன்று பார்க்கலாமா?

வரும். செய்யாதீர்கள்.

கைக்குட்டைக் கதை இங்கே பறவை பார்ப்பவர்கள் நடுவில் ரொம்பப் பழையது. இரண்டு கையிலும் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து ஆட்டினால், போட்டிக்கு இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று அந்த இடத்துக்குச் சொந்தக்கார ஆண் பறவை பார்க்க வரும். முந்தைய கேள்வியில் சொன்ன வெள்ளைப் பொட்டுகள்தான் காரணம். பாட்டைப் போட்டாலும் அதே கதை. கோடை ராத்திரி இங்கே எவ்வளவு குறுகியது என்று யோசித்துப் பாருங்கள். அந்தியில் கொஞ்சம், விடியலில் கொஞ்சம், அவ்வளவுதான் அதற்குச் சாப்பாட்டு நேரம். அதில் கால்மணியை இல்லாத எதிரியோடு சண்டை போட வைப்பது நியாயமா?

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நானே தப்புச் செய்தவள் என்பதுதான். இரண்டாவது கோடை. பாட்டு நூறடி தள்ளிக் கேட்டது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் கிளையிலேயே பார்த்துவிடலாம் என்று ஆசை. பாதையை விட்டு ஹெதருக்குள் இறங்கி நடந்தேன். ஏழெட்டு அடி போயிருப்பேன், காலடியிலிருந்து எதுவோ பொத்தென்று எழுந்தது. எழுந்தது, விழுந்தது, சிறகு முறிந்ததுபோல ஒரு பக்கமாகத் தரையில் இழுத்துக்கொண்டு போனது. நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தால் ஓடுகிற அதே ஓட்டம், நான் அதன் பின்னால் ஓடப் பார்த்தேன். கூட வந்தவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "அசையாதே, கீழே பார்" என்றார். என் காலுக்கு ஒரு முழம் முன்னால், கூடு என்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லாமல், வெறும் தரையில் இரண்டு முட்டை. பளிங்குபோல வெளிர் நிறத்தில் சாம்பல், பழுப்புத் திட்டுகள். இன்னொரு அடி வைத்திருந்தால் போயிருக்கும்.

பறவைக்குச் சிறகு முறியவில்லை. என்னை முட்டையிலிருந்து விலக்கிக் கூட்டிப் போக நடித்திருக்கிறது. வந்த வழியே பின்னோக்கி அடியெடுத்து வைத்துப் பாதைக்கு வந்தோம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை.

முட்டை பொரிய 18 நாள் வாக்கில் ஆகும், குஞ்சு பறக்க இன்னொரு 16, 17 நாள். பகல் முழுக்க அம்மா அசையாமல் உட்கார்ந்திருக்கும் வரை காகத்துக்குத் தெரியாது. நாமோ நாயோ எழுப்பிவிட்டால் முட்டை வெட்டவெளியில் கிடக்கும், மேலே இருக்கும் காகம் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே பாதையிலேயே உட்காருங்கள். வரவேண்டும் என்றால் அதுவே வரும். ஒரு தடவை என் தொப்பிக்கு மேலே இரண்டடி உயரத்தில் வந்து, காற்றில் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. நான் செய்தது எல்லாம் கொசுவை அடிக்காமல் உட்கார்ந்திருந்ததுதான்.

கேள்வி: பூல் நகரத்தில் இருக்கிறேன். என் நாய் யாரையும் கடிக்காது, பறவையையும் துரத்தாது. அதையும் கட்டித்தான் கூட்டிப் போக வேண்டுமா?

ஆமாம். பொதுமக்கள் நடமாட அனுமதித்த திறந்த வெளிகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் நாய் நல்ல நாயாகவே இருக்கட்டும், முகர்ந்தால் போதும், பறவை எழுந்துவிடும். மிச்சக் கதை மேலே இருக்கிறது.

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சொல்வதும் எங்கள் தேரிக்காட்டுப் பக்கியும் ஒன்றுதானா? இதற்கு ஆட்டுப்பால் குடிக்கும் பறவை என்று ஆங்கிலத்தில் பெயர் இருப்பதாகப் படித்தேன். உண்மையா?

ஒரே குடும்பம், ஒரே பேரினம், வேறு வேறு இனம். உங்கள் பக்கம் ரோட்டில் உட்கார்ந்து வண்டி விளக்கில் கண் சிவப்பாக மின்னுவது அநேகமாக இந்தியப் பக்கி. குரலில் சுலபமாகப் பிரித்துவிடலாம். உங்களுடையது சிமென்ட் தரையில் கோலிக்குண்டைப் போட்டதுபோல 'சக்... சக்.. சக்-சக்-சக்ரர்ர்' என்று துள்ளி நெருங்கி அடங்கும். எங்களுடையது நிற்காத தையல் மெஷின். அங்கேயும் இங்கேயும் ஒரே பழக்கம், சூடு தங்கிய வெறும் தரை பிடிக்கும். தார் ரோடு அதற்கு எமன்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் கிடைத்ததை எல்லாம் வாயில் போட்டுக்கொள்ளும் பிள்ளையைத்தான் 'பக்கி' என்று திட்டுவார்கள். பட்சி என்ற சொல்லே பக்கி ஆயிற்று என்பார்கள், ஆனால் இந்தப் பறவையின் வாயைத் திறந்து பார்த்தவருக்கு அந்தத் திட்டும் சரி என்றே படும். அலகு துக்குணி. வாயோ கண்ணுக்குக் கீழே வரை கிழிந்தது மாதிரி திறக்கும், இரண்டு ஓரத்திலும் விறைத்த மயிர்கள். பறக்கிற போக்கில் அந்துப்பூச்சியையும் வண்டையும் அதற்குள் அள்ளிப் போட்டுக்கொள்ளும். நடுவிரல் நகத்தில் சீப்பு போலப் பல் இருப்பது தனி அழகு.

ஆட்டுப்பால் விஷயம் சுத்தப் பொய், ஆனால் பெயர் உண்மை. இந்தப் பேரினத்தின் லத்தீன் பெயரான காப்ரிமுல்கஸ் என்பதற்கு ஆட்டைக் கறப்பது என்று பொருள். பால் குடித்துவிட்டு ஆட்டைக் குருடாக்கும் என்று பழைய கிரேக்க, ரோமானியர்கள் நம்பினார்கள். ஆட்டுப்பட்டியில் பூச்சி மொய்க்கும், பூச்சிக்காகப் பக்கி வரும். அந்த வாயைப் பார்த்தவர்கள் மிச்சத்தைக் கற்பனை செய்துகொண்டார்கள். எங்கள் சர்ரே எல்லை தாண்டி ஹாம்ப்ஷைரில் செல்போர்ன் என்று ஒரு ஊர். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே பாதிரியாராக இருந்த கில்பர்ட் வைட், கன்றுகளுக்கு வரும் ஒரு நோய்க்கு ஊர்க்காரர்கள் இந்தப் பறவையைப் பழி சொல்வதைக் கேட்டு, இல்லை, தோலுக்கடியில் ஈயின் புழு வளர்வதுதான் காரணம் என்று எழுதி வைத்தார். ஊர் கேட்டதா தெரியாது, ஊர் எங்கே கேட்கும்!

கேள்வி: கேம்பர்லியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தின் பின்பகுதியில் தனியாக ஒரு சின்ன வீடு கட்ட விண்ணப்பித்தோம். ஹீத் வெளி பக்கத்தில் இருக்கிறது, பறவை இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். ஒரு குருவிக்காக மனுஷன் வீடு கட்டக் கூடாதா?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் நான் குருவி பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சர்ரே, ஹாம்ப்ஷைர், பெர்க்ஷைர் மூன்று மாவட்டத்திலும் சிதறிக் கிடக்கும் ஹீத் வெளிகளைச் சேர்த்து 2005-இல் தேம்ஸ் பேசின் ஹீத்ஸ் என்ற சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். பக்கி, வுட்லார்க் வானம்பாடி, டார்ட்ஃபோர்டு வார்ப்ளர் ஆகிய மூன்று பறவைகளுக்காக. அதன் எல்லையிலிருந்து 400 மீட்டருக்குள் புதிய குடியிருப்புக்குப் பொதுவாக அனுமதி இல்லை. அதற்கு வெளியே 5 கிலோமீட்டர் வரை கட்டலாம், ஆனால் மக்கள் ஹீத் வெளிக்குப் போகாமல் நடக்கவும் நாயை ஓடவிடவும் மாற்றுப் பசுமைவெளி உண்டாக்கப் பங்கு கொடுக்க வேண்டும். காரணம் கட்டடம் இல்லை. வீட்டோடு வரும் பூனை, நாய், அந்தி நடை, எப்போதாவது அணைக்காத சிகரெட். இருக்கும் வீட்டோடு ஒரு அறையை நீட்டிக் கட்டுவது வேறு, புதிதாக ஒரு வீட்டை எண்ணிக்கையில் கூட்டுவது வேறு. உங்கள் திட்டம் இரண்டாவதில் விழுந்திருக்கிறது. அறை நீட்டுவதாக மாற்றி யோசித்து, கவுன்சிலின் திட்டப் பிரிவில் முன் ஆலோசனை கேட்டுப் பாருங்கள்.

பலன் இருக்கிறதா என்று கேட்பீர்கள். 1981 கணக்கெடுப்பில் பிரிட்டன் முழுக்கப் பாடும் ஆண் பக்கிகள் 2,100 அளவுதான். 1992-இல் 3,400, 2004-இல் 4,606. இதில் ஹீத் வெளிகளைப் பார்த்துக்கொண்டதற்கும் பங்கு உண்டு, பைன் தோப்புகளை வெட்டித் திறந்துவிட்டதற்கும் பங்கு உண்டு. 1987 அக்டோபர் புயல் பல தோப்புகளைச் சாய்த்து அதற்கே புது வெளி அமைத்துக் கொடுத்தது. மரம் விழுந்ததற்குச் சந்தோஷப்பட்ட பறவை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

கேள்வி: நியூ ஃபாரஸ்டில் மதியம் எடுத்த படம் இணைத்திருக்கிறேன். கீழே விழுந்த கிளையில் நீளவாக்கில் படுத்திருக்கிறது, கண்ணைத் திறக்கவே இல்லை. உடம்பு சரியில்லையா?

ஒன்றுமில்லை, ஓய்வெடுக்கிறது. கிளைக்குக் குறுக்கே உட்காராமல் கிளையோடு சேர்ந்து நீளமாகப் படுப்பது அதன் வழக்கம், உலர்ந்த மரப்பட்டை என்று ஏமாற்றுவதற்காக. கண் மூடவில்லை, கோடுபோலத் திறந்து உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. படம் அருமை. நான் இத்தனை வருடத்தில் பகலில் இரண்டே தடவை பார்த்திருக்கிறேன், உங்களுக்குப் போகிற வழியில் கிடைத்திருக்கிறது. பொறாமைதான். இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள், எனக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: ரெடிங்கிலிருந்து ஆகஸ்ட் கடைசியில் இரண்டு ராத்திரி போய் உட்கார்ந்தேன். ஒரு சத்தமும் இல்லை. நிலா வெளிச்சம் அதிகமாக இருந்ததால் வரவில்லையா?

நிலாவைக் குறை சொல்லாதீர்கள், பக்கிக்கு அது தோழி. கண்ணால் பார்த்துத்தான் பூச்சி பிடிக்கிறது என்பதால் நிலா இருக்கும் ராத்திரியில்தான் இன்னும் அதிக நேரம் வேட்டை. குஞ்சுக்கு இரை அதிகம் தேவைப்படும் நாட்கள் நிலாக் காலத்தில் அமையும்படி முட்டையிடும் போக்குகூடக் கவனிக்கப்பட்டிருக்கிறது.

நீங்கள் போனது தாமதம், அவ்வளவுதான். ஏப்ரல் கடைசியிலும் மே முதல் பாதியிலும் வருகிறது, ஆகஸ்ட், செப்டம்பரில் கிளம்பிவிடுகிறது. பாட்டு அதற்கு முன்பே ஓய்ந்துவிடும். சின்னக் கருவி பொருத்தி அனுப்பியதில், இங்கிலாந்துப் பக்கிகள் சஹாராவைத் தாண்டி ஜனநாயகக் காங்கோக் குடியரசு வரை போய்க் குளிர்காலத்தைக் கழிப்பது தெரிந்திருக்கிறது. 100 கிராம்கூட இல்லாத உடம்பு என்று மேலே சொன்னேன், நினைவிருக்கட்டும்.

நானும் வருடா வருடம் ஆகஸ்டில் ஒரு தடவை போவேன், பிடிவாதம்தான். போன வருடம் ஆகஸ்ட் மூன்றாம் வாரம், பத்து மணி வரை ஒன்றுமில்லை. பாயைச் சுருட்டும்போது பின்னால் ஒரே ஒரு 'குவிக்'. திரும்பிப் பார்த்தேன், வானத்தில் எதுவும் இல்லை. அப்படியே இன்னும் அரைமணி நேரம் நின்றதில் கால் விறைத்ததுதான் மிச்சம்.

அடுத்த மே 15-ஐ இப்போதே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். காற்று இருந்தால் 16.